சிவப்புக் கோடு விழுந்த வரி

எம்ரிஸுக்கும் நெஸ்டாவுக்கும் சண்டை மூளப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஒரு சிவப்புக் கோடு போதும்.

செவ்வாய்க்கிழமை காலைகளில் வெல்ஷ் பேசும் பள்ளத்தாக்கு ஊரான அபர்ஹெலிக்கின் நூலக மாடியில் குடும்ப வரலாற்றுச் சங்கம் கூடும். கூடும் என்றதும் பெருங்கூட்டமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பழைய கணினி, கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி, அடுப்புக் கல்லில் சுட்ட கேக் ஒரு டப்பா. கேக் இருக்கும்வரைதான் வேலை நடக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அதை முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை.

வேலை இதுதான். 1911-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தந்த வீட்டுக்காரரே தாளை நிரப்பிக் கொடுத்தார். நிலக்கரி வெட்டிக் காய்த்துப்போன விரல்களால், மை சிந்தி, சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதிய தாள்கள். அவற்றின் படங்களைத் திரையில் பார்த்து, பெயர், வயது, தொழில், பிறந்த இடம் என்று கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்போதுதான் எவரும் தன் முன்னோரின் பெயரைப் போட்டுத் தேட முடியும். ஒரு பெரிய கம்பெனி இதை முன்பே செய்து இணையத்தில் போட்டிருந்தது. ஆனால் வெல்ஷ் மொழியைக் கண்ணால் கண்டிராத யாரோ எங்கோ உட்கார்ந்து அடித்ததில், அபர்ஹெலிக்கின் பாதித் தெருக்கள் தேடினால் அகப்படாமல் போய்விட்டன. நம் செத்தவர்களை நாமே எழுதிக்கொள்வோம் என்று ரோஷப்பட்டு சங்கம் ஆரம்பித்த வேலை இது.

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவர் எம்ரிஸ். வாழ்நாள் முழுக்க ரயில்வேயில் சிக்னல் போட்டவர். கண்ணில் பட்டதை அடி, மனதில் பட்டதை அடிக்காதே என்பது முதல் விதி. ஒரே தாளை இருவர் தனித்தனியே அடிக்க வேண்டும், ஒருவர் அடித்ததை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டையும் ஒப்பிட்டு எம்ரிஸ் தீர்ப்புச் சொல்வார் என்பது அடுத்தது. தன் குடும்பத்தின் தாளைத் தானே தொடக் கூடாது என்பது மூன்றாவது. அந்த விதிக்குக் காரணம் இருந்தது. ஓர் உறுப்பினர் தன் கொள்ளுப்பாட்டிக்குக் கல்யாணமான வருஷத்தையும் மூத்த பிள்ளையின் வயதையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து, குடும்ப கௌரவத்தைக் காப்பாற்றப் பார்த்தார். எம்ரிஸ் பிடித்துவிட்டார்.

நான்காவது விதிதான் தகராறு. சிவப்பு மையில் கோடு விழுந்த வரி வரியே அல்ல, விட்டுவிடு.

அரசாங்கம் கேட்டது ஒன்று, மக்கள் எழுதியது ஒன்று. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று வெறும் எண்ணிக்கைதான் கேட்டிருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் என்ற சொல்லைப் பார்த்ததும் சில தகப்பன்மார்களுக்குக் கை நிற்கவில்லை. இறந்த குழந்தைகளையும் பிறந்த வரிசையில், பெயர் சொல்லி, உயிரோடு இருப்பவர்களுக்கு நடுவே எழுதிவிட்டார்கள். பிறகு தாளைச் சரிபார்த்த அதிகாரி சிவப்பு மையை எடுத்து அந்தப் பெயர்களை அடித்தார். எம்ரிஸின் விதிப்படி அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்யக் கூடாது. நெஸ்டா செய்வாள். ஒவ்வொரு வாரமும் செய்வாள்.

"நெஸ்டா, இந்தத் தாள்ல ஆறு பேரு. நீ எட்டு அடிச்சிருக்க."

"எட்டுப் பேரு எழுதியிருக்கு எம்ரிஸ். எண்ணிப் பாரு."

"ரெண்டு பேர் மேல சிவப்புக் கோடு கெடக்கு. கண்ணு தெரியலையா?"

"கோட்டுக்குக் கீழ பேரு கெடக்கு. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"அவங்க செத்துப் போனவங்கம்மா! கணக்கெடுத்த ராத்திரி அந்த வீட்டுல யாரு மூச்சு விட்டாங்களோ அவங்கதான் கணக்கு."

"அன்னிக்கு மூச்சு விட்டவங்க யாருமே இன்னிக்கு மூச்சு விடல. எல்லாரையும் எடுத்துடலாமா?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேக் தின்றார்கள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்தக் காலத்திலும் இப்படித்தான் என்று ஊருக்குத் தெரியும்.

எம்ரிஸ் கல்நெஞ்சக்காரர் இல்லை. சங்கம் தொடங்கிய புதிதில் இப்படிக் கோடு விழுந்த ஒரு பையனை யாரோ பட்டியலில் சேர்த்துவிட, கனடாவிலிருந்து ஒருவர் அதை நம்பி, அந்தப் பையனின் கல்யாணத்தை ஊர் ஊராகத் தேடிக்கொண்டு வந்தார். நடக்கவே கற்காமல் போன பிள்ளைக்குப் பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடிய அந்த மனிதரின் முகத்தை எம்ரிஸ் மறக்கவில்லை. தப்பான சிக்னல் போட்டால் ஆள் சாவான் என்று பழகிய மனிதர் அவர். நெஸ்டா அடித்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்.

இந்தச் சங்கத்தில் நெஸ்டா சேர்ந்ததே தன் மாமியார் டெக்வெனுக்காக. கணவன் மெரிக் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மாமியாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவளைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. ஆனாலும் வாரம் தவறாமல் ஆற்றோர முதியோர் இல்லத்துக்குப் போவாள். திட்டு வாங்கிக்கொண்டு வருவாள். அந்தத் திட்டு இல்லாவிட்டால் அவளுக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்காது.

"வந்துட்டியா? பொணம் எண்ற வேலை முடிஞ்சுதா?" என்றாள் டெக்வென், அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமையும். தொண்ணூற்று நான்கு வயது. கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும், நாக்குக்கு எதுவும் வேண்டாம்.

"முடியல அத்தை. நீங்க இன்னும் பட்டியல்ல சேரலையே."

"சேர்றேன், சேர்றேன். அவசரப்படுத்தாத. மொதல்ல அந்தச் சின்னதுக்கு ஒரு பேரு கண்டுபிடி."

சின்னது என்பது டெக்வெனுக்கு முன்னால் பிறந்து இறந்த அக்கா. குருத்தோலை ஞாயிறை அந்தப் பள்ளத்தாக்கில் மலர் ஞாயிறு என்பார்கள். கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும் நாள். டெக்வெனின் அம்மா ஹன்னா ஒவ்வொரு மலர் ஞாயிறன்றும் சாலேம் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், கல் இல்லாத ஒரு சிறிய மேட்டில் மஞ்சள் பூக்களை வைப்பாள். இது யாரம்மா என்று கேட்டால், உன் அக்கா என்பாள். பேரென்ன என்று கேட்டால் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். அண்ணன்மார் ஹவெலும் பென்னும் வாயைத் திறந்ததில்லை. பிறகு அதே மண்ணில் அப்பாவை வைத்தார்கள், அம்மாவை வைத்தார்கள், இருவர் பெயரும் போட்டு ஒரு கல் நட்டார்கள். சின்னதின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

நெஸ்டா தேடாத இடம் இல்லை. ஆலயத்தின் அடக்கப் புத்தகத்தில் 'ஈசாக் ரீஸின் குழந்தை' என்றுதான் இருந்தது. பிறப்புப் பட்டியலில் ரீஸ் என்ற பெயரில் பிறந்த குழந்தைகள் குவிந்துகிடந்தன. அந்த வருஷங்களில் பட்டியலில் தாயின் பெயரைப் போடும் வழக்கம் வரவில்லை. எந்த ரீஸ் எந்த ஹன்னாவின் வயிற்றில் பிறந்தது என்று எப்படிச் சொல்வது?

இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. சாலேம் ஆலயத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை வீடுகளாகப் பிரிக்கப் போகிறார். கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கும், ஆனால் மலர் ஞாயிறுக்குப் பிறகு சாவி நகராட்சியின் கைக்குப் போகும். கல்லில் வேலை இருப்பவர்கள் அதற்குள் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கல்லில் எழுத்து வெட்டுபவரையும் வரவழைத்திருந்தார்கள்.

"பேரு போட்டுட்டா நிம்மதியாப் போவேன்" என்றாள் டெக்வென். "எனக்கும் அங்கதான எடம் இருக்கு. பக்கத்துல படுக்கப் போறவ பேரு தெரியாம எப்படிப் படுக்கிறது? பஸ்ஸுலகூட பேரு கேட்டுட்டுத்தான் ஒக்காருவேன்."

அந்த நேரம் இல்லத்துப் பணிப்பெண் மாத்திரையோடு வந்து, "டெக்வென்!" என்று குரல் கொடுத்தாள். கிழவி நெஸ்டாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"இங்க எல்லாரும் என் பேரைச் சொல்லியே தேய்க்கிறாளுங்க. எங்க வீட்டுல ஒருத்தரும் சொன்னதில்ல, தெரியுமா? எல்லாருக்கும் நான் 'குட்டி'. அம்மா, அப்பா, அண்ணனுங்க, எல்லாருக்கும். பள்ளிக்கூடத்துல மொத நாள் டீச்சர் டெக்வென்னு கூப்பிட்டப்ப, யாரோ புதுசா வந்திருக்காளோன்னு நானும் திரும்பிப் பாத்தேன்."

சொல்லிச் சிரித்தாள். நெஸ்டாவும் சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்ட கதைதான்.

மறுநாளே நல்ல செய்தி வந்தது. பாலத்தடித் தெருவின் தாள்கள் சங்கத்துக்கு வந்துவிட்டன. ஈசாக் ரீஸ் குடியிருந்த தெரு. இத்தனை நாளும் தேடி அகப்படாமல் போன தெருக்களில் அதுவும் ஒன்று. நெஸ்டா செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மாடிப்படி ஏறினாள்.

"அது உன் மாமியார் வீட்டுத் தாள்" என்றார் எம்ரிஸ். "மூணாவது விதி."

"நான் அடிக்கலைப்பா. கண்ணால மட்டும் பாக்கிறேன்."

"இன்னிக்குக் கண்ணால பாப்ப, நாளைக்கு இதைக் கொஞ்சம் திருத்துன்னு வந்து நிப்ப. உனக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். நானே பாத்துச் சொல்றேன், உக்காரு."

அவர் தன் கணினிக்குப் போய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நெஸ்டா நின்றுகொண்டே இருந்தாள். வாளியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா ஈசாக், அம்மா ஹன்னா, பையன் ஹவெல், பையன் பென். நாலு பேரு. பொறந்தது மூணு, இருக்கிறது ரெண்டு, செத்தது ஒண்ணு."

"பேரு?"

"இல்ல நெஸ்டா. எண்ணிக்கைதான் இருக்கு."

எம்ரிஸ் பொய் சொல்பவர் இல்லை. பொய் சொல்ல முயன்றாலும் அவருக்கு வராது. நெஸ்டா அதை அப்படியே நம்பினாள். அன்று மத்தியானமே ஆற்றோரம் போய் மாமியாரிடம் சொன்னாள்.

டெக்வென் திட்டவில்லை. அதுதான் நெஸ்டாவுக்குத் தாங்கவில்லை.

"சரி விடு. வெறும் 'குழந்தை'ன்னு வெட்டச் சொல்லு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் கிழவி. "இந்த ஊர்ல நாய்க்குக்கூட பேரு இருக்கு."

நெஸ்டா வீட்டுக்கு நடந்து வரும்போது அழுதுகொண்டே வந்தாள். மழை பெய்தது நல்லதாகப் போயிற்று. வழியில் பார்த்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு வந்தது மேட்டுத் தெரு. மூன்றாவது தாளிலேயே சிவப்புக் கோடு. ஒரு கொல்லர் தன் பிள்ளைகளை வரிசையாக எழுதியிருந்தார். நான்காவதாக இருந்த பெண் குழந்தையின் மேல் கோடு. நெஸ்டா வழக்கம்போல அந்தப் பெயரை அடித்தாள். அடித்து முடித்ததும் விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டது. எம்ரிஸ் இந்தத் தாளைப் பார்த்தால் எத்தனை பேர் என்பார்? இந்தக் குழந்தைக்குப் பேரு இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? இல்லை என்பார். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்வார்.

அவள் எழுந்து அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எம்ரிஸ். எங்க வீட்டுத் தாள்ல செவப்பு இருந்துச்சா?"

அவர் கேக்கை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"பேரு இருந்துச்சான்னு கேக்கல. செவப்பு மை. இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

அறையில் விசைப்பலகைச் சத்தம் மொத்தமாக நின்றது.

"அட பாவி மனுஷா! ஒரு வாரமா அந்தக் கெழவி சாப்பிடாம ஜன்னலைப் பாத்துட்டுக் கெடக்கா. ஊமை மாதிரி இருந்துட்டியே!"

"நெஸ்டா, சத்தியமா நான் மறைக்கல." எம்ரிஸின் குரல் இறங்கிவிட்டது. "செவப்பைப் பாத்தா என் கண்ணு தானா அடுத்த வரிக்குப் போயிடுது. நாப்பது வருஷ சிக்னல் பழக்கம், செவப்புன்னா உள்ள நுழையக் கூடாது. அதுவும் இல்லாம, ஓரக்கண்ணுல பட்டதும் அது ஏதோ தப்பா எழுதி அடிச்சதுன்னு நெனச்சேன். ஏன்னா, அந்தப் பேரு…"

சொல்லி முடிக்காமல் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். தானே எழுதிய மூன்றாவது விதியைத் தானே மீறினார்.

ஈசாக் ரீஸின் கையெழுத்து பெரிது பெரிதாக, கட்டத்துக்குள் அடங்காமல் இருந்தது. ஹவெல், மகன், ஆறு. பென், மகன், நான்கு. அதற்குக் கீழே: டெக்வென், மகள், பதினோரு மாதம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மற்றவர்களுக்கு ஊரின் பெயரை எழுதியவர், இவளுக்கு மட்டும் 'இந்த வீட்டில்' என்று எழுதியிருந்தார். அந்த வரியின் மேல் முழு நீளத்துக்கும் சிவப்புக் கோடு. கையால் கிழித்த கோடு அல்ல, அளவுகோல் வைத்துப் போட்டது. யாரோ ஓர் அதிகாரி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அவர் மேல் நெஸ்டாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

"இது எப்படி? அத்தை பொறந்தது இதுக்கு எட்டு வருஷம் கழிச்சு இல்ல?"

"அதான் நானும் தப்புன்னு நெனச்சேன்" என்றார் எம்ரிஸ். "ஆனா அந்தக் காலத்துல செய்வாங்களே நெஸ்டா. ஒரு பிள்ள போயிட்டா, அடுத்து வர்றதுக்கு அதே பேரை வெப்பாங்க. நம்ம தாள்லயே எத்தன பாத்திருக்கோம்."

பார்த்திருந்தார்கள். தாளில் இருந்தபோது அது ஒரு பழைய வழக்கம், அவ்வளவுதான். சாலேம் ஆலயத்தில் இத்தனை வருஷமும் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்த டெக்வெனுக்கு அது நடந்திருக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

நெஸ்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தேடியது கிடைத்துவிட்டது, கிடைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் பயமாக இருந்தது. தொண்ணூற்று நான்கு வயதுப் பெண்ணிடம் போய், உன் பேரு உன்னுது இல்ல, செத்தவளோட பேரு, என்று எப்படிச் சொல்வது?

"சொல்லலைன்னா என்ன? 'குழந்தை'ன்னு வெட்டச் சொல்லிட்டாங்க. அப்படியே விட்டுட்டா என்ன?"

எம்ரிஸ் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"வா, நானும் வர்றேன். இல்லைன்னு சொன்னது நான். இருக்குன்னும் நானே சொல்றேன்."

முதியோர் இல்லத்தில் எம்ரிஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்த பையன் மாதிரி இருந்தார். டெக்வென் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன சிக்னல்காரா, வழி தவறிட்டியா?"

"ஆமாம்மா" என்றார் அவர். "போன வாரம் உங்களுக்கு ஒரு தப்பான சேதி சொல்லி அனுப்பிட்டேன். குழந்தைக்குப் பேரு இருக்கு. உங்க அப்பாவே எழுதியிருக்காரு."

அச்செடுத்த தாளை நெஸ்டா மாமியாரின் மடியில் வைத்தாள். டெக்வென் பூதக்கண்ணாடியை எடுத்தாள். கண்ணாடி முதல் வரியில் நின்றது, இறங்கியது, நின்றது. மூன்றாவது பிள்ளையின் வரிக்கு வந்ததும் நகரவே இல்லை. நெஸ்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் இப்படித்தான் வெப்பாங்களாம். இதுல மனசு விட்டுப் போறதுக்கு ஒண்ணும்…"

"சும்மா இரு நெஸ்டா. படிச்சிட்டிருக்கேன்ல."

தாளில் இருந்தது ஒரே ஒரு பெயர். அதைப் படிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"அதான்" என்றாள். "அதான் அம்மா என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடல."

டெக்வென் அந்த வரியை விரலால் தடவினாள்.

"சின்ன வயசுல ஒரு நாள் ஆத்தங்கரையில வெளையாடிட்டு வீட்டுக்கு வர நேரமாயிடுச்சு. அம்மா வாசல்ல நின்னு 'குட்டி, குட்டி'ன்னு கூப்பிடறா. எனக்குக் கேக்கல. பக்கத்து வீட்டு அத்தை வெளிய வந்து 'டெக்வென்'னு ஓங்கிக் கத்தினா. நான் திரும்பி ஓடி வந்தேன். வந்து பாத்தா எங்கம்மா ரெண்டு கையாலயும் காதைப் பொத்திட்டு நிக்கிறா." டெக்வென் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "என் பேரு அவளுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். அப்புறம், பேரு இல்ல, என்னையே பிடிக்கல போலன்னு நெனச்சேன். கடைசிப் பிள்ள, வேண்டாம வந்ததுன்னு. தொண்ணூத்து நாலு வயசாகுது நெஸ்டா. இன்னிக்குக் காலைல வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

நெஸ்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையை அவள் பிடித்ததில்லை. மாமியாரும் உதறவில்லை.

"ஆசையா வெச்சுட்டா. வெச்ச அப்புறம் வாயில வரல" என்றாள் டெக்வென். "பாவம் அம்மா."

எம்ரிஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அது அந்த அறைக்கு ரொம்பப் பெரிய சத்தமாக இருந்தது.

"சிக்னல்காரா, நீ எதுக்கு அழற? வண்டி போயி நூறு வருஷம் ஆச்சு."

"தூசும்மா" என்றார் அவர்.

"தூசு ஒண்ணும் இல்ல, இங்க தெனமும் பெருக்குறாங்க. நெஸ்டா, அந்தக் கல்லு வெட்றவர் இன்னும் ஊர்லதான இருக்காரு? 'குழந்தை' வேண்டாம்னு சொல்லு. 'டெக்வென்'னு வெட்டச் சொல்லு. ஒரு தடவை வெட்டினாப் போதும்."

"ஒரு தடவையா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான? எதுக்கு ரெண்டு தடவை? கீழ அவ வருஷம் ஒரு வரி, என் வருஷம் ஒரு வரி. என் வரியில கடைசில கொஞ்சம் எடம் விடச் சொல்லு." யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "நெறைய விட வேண்டாம்."

எம்ரிஸ் அன்று நூலகத்துக்குத் திரும்பிப் போய் நான்காவது விதியைக் கிழித்தார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே உள்ளதையும் அடி, அடித்ததன் பக்கத்தில் 'கோடு விழுந்தது' என்றும் எழுது என்று புதிதாக ஒட்டினார். இது கனடாக்காரருக்கும் ஆகும், கிழவிக்கும் ஆகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்கு எவ்வளவு பெரிய கட்டம் வேண்டும் என்று நெஸ்டாவோடு மறுவாரமே சண்டை வந்தது. அது வேறு கதை.

மலர் ஞாயிறன்று சாலேம் தோட்டம் முழுக்க மஞ்சள் பூவாக இருந்தது. ஊரே வாளியும் துடைப்பமுமாக வந்து கல்லைக் கழுவிக்கொண்டிருந்தது. சேற்றில் சக்கர நாற்காலி போகவில்லை என்று எம்ரிஸும் நெஸ்டாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள். தூக்கும் விதம் சரியில்லை என்று டெக்வென் வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

கல்லின் முன்னால் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஈசாக், ஹன்னா, அதன் கீழே புதிதாக வெட்டிய வெள்ளை எழுத்தில் டெக்வென். நெஸ்டா பூங்கொத்தைக் கொடுத்தாள். டெக்வென் குனிந்து வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. எம்ரிஸ் வாங்கி, மண்டியிட்டு, அவள் காட்டிய இடத்தில் வைத்தார்.

"ஏய்" என்றாள் டெக்வென், கல்லைப் பார்த்து. பக்கத்தில் கல் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. "உன் பேரை நான் எடுத்துக்கிட்டேன். தெரியாம எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காத. தேஞ்சு போற வரைக்கும் நல்லா உபயோகிச்சிருக்கேன். என் பேரை நீ வெச்சுக்க. அம்மா வாய் நெறையக் கூப்பிட்ட பேரு, ஒண்ணும் கொறைஞ்சது இல்ல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"குட்டி" என்று கூப்பிட்டாள்.

மழை தூறத் தொடங்கியது. நாற்காலியைத் திருப்பச் சொன்னாள்.